சென்னை – தூத்துக்குடி விமானம்: எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம்? வடசென்னைக்காரர்கள் கேட்பவை

தண்டையார்பேட்டையில் டிக்கெட் போட்டுக்கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. ரயில், பஸ், விமானம் எல்லாம் உண்டு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் தூத்துக்குடிச் சீமைக்காரர்கள் நிறைய. மளிகைக்கடை, மீன் வியாபாரம், துறைமுக வேலை என்று வந்து இங்கேயே ரேஷன் கார்டு வாங்கிவிட்டவர்கள். தூத்துக்குடி விமான நிலையத்தில் புது டெர்மினல் திறந்ததிலிருந்து கவுன்டரில் ஒரே கேள்விகள்தான். தினமும் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதியே வைத்துவிட்டேன்.

இரண்டு விமான நிலையத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம்?

நேர்கோட்டில் சுமார் 530 கிலோமீட்டர். இது மீனம்பாக்கத்திலிருந்து வாகைக்குளம் வரை. தூத்துக்குடி விமான நிலையம் இருப்பது வாகைக்குளத்தில். ஊருக்குள் இல்லை, திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கிறது.

விமானிகள் கிலோமீட்டரில் பேசுவதில்லை, கடல் மைலில் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் இது ஏறக்குறைய 285 மைல். இதைச் சொன்னதும் காசிமேட்டு விசைப்படகுக்காரர் ஒருத்தர் கவுன்டரில் சாய்ந்தபடியே, “அப்ப நம்ம போட்டு எட்டு நாட்ல போனா ஒன்றரை நாளு” என்றார். நாட் (knot) என்றால் மணிக்கு ஒரு கடல் மைல். கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய 36 மணி நேரம், சரியாகத்தான் சொன்னார். விமானத்தின் வேகத்தையும் இந்த நாட் கணக்கில்தான் சொல்வார்கள். இங்கே ஓடும் விசிறி விமானம் 275 நாட் வரை போகும் என்றேன். அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனால் படகுக்கு அந்த நேர்கோடு கிடைக்காது, நடுவில் தரை. கடல்வழியே போனாலும் பாக் நீரிணையும் ராமர் பாலத்துப் பக்கமும் ஆழம் குறைவு. சென்னையிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ தூத்துக்குடிக்குப் போகும் பெரிய கப்பல் இலங்கையையே சுற்றிக்கொண்டுதான் போகிறது.

ரோட்டில் 600 என்கிறார்கள், ரயிலில் 650 என்கிறார்கள். விமானத்துக்கு மட்டும் எப்படிக் குறைகிறது?

ரோடு விழுப்புரம், திருச்சி, மதுரை என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு போகிறது. ரயிலும் விழுப்புரம், விருத்தாசலம், திருச்சி, திண்டுக்கல், மதுரை, விருதுநகர், கோவில்பட்டி, வாஞ்சி மணியாச்சி என்று வளைந்துதான் தூத்துக்குடிக்குள் நுழைகிறது.

தமிழ்நாட்டு வரைபடத்தில் ஸ்கேல் வைத்து மீனம்பாக்கத்திலிருந்து வாகைக்குளத்துக்கு ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பலரும் நினைப்பதுபோல் அது திருச்சி, மதுரை மேல் போகாது. விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் நுழைந்து, தஞ்சாவூர், புதுக்கோட்டையை ஒட்டி, காரைக்குடி, மானாமதுரைப் பக்கமாக இறங்கும். என் பையன் எட்டாம் வகுப்பு அட்லஸில் இழுத்துக் காட்டியபோது எனக்கே ஆச்சரியம். இத்தனை வருஷம் டிக்கெட் போட்டும் மதுரை தலைக்குமேல்தான் போகிறோம் என்று நினைத்திருந்தேன்.

விமானமும் அந்தக் கோட்டிலேயே கயிறு கட்டினாற்போல் போகாது. ஓடுதளம் எந்தத் திசையோ அந்தத் திசையில் கிளம்பி, திரும்பி, கட்டுப்பாட்டு அறை சொல்லும் வழியில் போகவேண்டும். அதனால் உண்மையில் பறக்கும் தூரம் 530-ஐவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

சரி, எவ்வளவு நேரம் ஆகும்?

விசிறி வைத்த ஏடிஆர் விமானம் என்றால் டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரமோ, அதற்குப் பத்து நிமிஷம் கூடவோ போட்டிருக்கும். ஜெட் என்றால் அதைவிடக் குறைவு. ஆனால் இது முழுக்க வானத்தில் இருக்கும் நேரம் அல்ல. வாசலில் நிற்கும் விமானம் சக்கரத்தை அசைக்கும் நிமிஷத்திலிருந்து, அந்த ஊரில் போய் நிறுத்தி சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் நிமிஷம் வரைக்குமான கணக்கு அது. சென்னையில் ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவதற்கும் வரிசையில் நிற்பதற்குமே பத்து, பதினைந்து நிமிஷம் போய்விடும். ஏடிஆரில் வானத்தில் இருப்பது ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சில நாள் நேரத்துக்கு முன்னாலேயே இறக்கிவிடுவார்கள். டிக்கெட்டில் போட்ட நேரத்தில் தாமதத்துக்கும் கொஞ்சம் இடம் விட்டிருப்பதால்தான்.

விசிறி வச்ச விமானமா? பழசா? பயமா இருக்கே!

பழசு இல்லை. ஏடிஆர் 72-600 என்பது இன்றைக்கும் பிரான்சில் செய்துகொண்டிருக்கும் விமானம். விசிறியைச் சுற்றுவதும் ஜெட் மாதிரி டர்பைன் இன்ஜின்தான். சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஏர்பஸ் ஏ320 அதே தூரத்தை 800-க்கு மேல் வேகத்தில் கடக்கும். ஆனால் 530 கிலோமீட்டருக்கு அந்த வேகம் பெரிதாக உதவாது. ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் இருபது நிமிஷம்போலத்தான். டீ குடிக்கிற நேரம்.

சத்தம் கூடுதல், அது உண்மை. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். ஜெட்டைவிடத் தாழ்வாகப் பறப்பதால் மழைமேகம் இருக்கும் நாளில் குலுக்கலும் கூடுதலாகத் தெரியும். ஏறும் வாசல் பின்பக்கம் இருக்கும், பயந்து முன்பக்கம் ஓடாதீர்கள். மேலே பெட்டி வைக்கும் தட்டும் சின்னது. பெரிய சூட்கேஸை உள்ளே தூக்கிப்போகிறேன் என்று அடம்பிடித்தால் படியடியிலேயே வாங்கிக்கொள்வார்கள்.

இத்தனை வருஷம் ஏன் சின்ன விமானம் மட்டும் வந்தது?

ஓடுதளம் நீளம் போதவில்லை. பழைய ஓடுதளம் 1,351 மீட்டர். அதில் ஏ320 முழுப் பாரத்தோடு இறங்கி ஏற முடியாது, விசிறி விமானம் மட்டும்தான் முடியும். இப்போது 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்கள். சென்னையின் பெரிய ஓடுதளமே 3,658 மீட்டர்தான் என்றால் எவ்வளவு பெரிய தாவல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். புது டெர்மினலைப் பிரதமர் 2025 ஜூலை 26 அன்று திறந்துவைத்தார். அதே 26-ஆம் தேதிதான் வருஷா வருஷம் தூத்துக்குடி பனிமய மாதா கோயில் கொடியேற்றம். அன்றைக்கு என் கவுன்டருக்கு வந்த ராயபுரத்து அக்கா ஒருத்தர், ஏர்போர்ட்டுக்கே மாதா கொடி ஏற்றிவிட்டாள் என்றார்.

ஆனால் ஓடுதளம் பெரிதாகிவிட்டதால் பெரிய விமானம் மட்டும்தான் வரும் என்று நினைக்கவேண்டாம். ஏடிஆரில் 70, 80 பேரை நிரப்பினால் போதும். ஏ320-க்கு 180 பேர் வேண்டும். எந்த விமானம் என்று டிக்கெட் போடும்போதே திரையில் காட்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் போட்டிருக்கிறது. காற்றா?

காற்றின் பங்கு சொற்பம். இந்தப் பாதை தெற்கே போய்ச் சற்று மேற்கே சாய்கிறது. மேல்காற்று, அதாவது மேற்கேயிருந்து வரும் காற்று, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தாலும் அதில் பாதிகூட எதிர்க்காற்றாக நிற்காது, பக்கவாட்டில்தான் தள்ளும். கணக்குப் பார்த்தால் போவதற்கும் வருவதற்கும் நாலைந்து நிமிஷம்தான் வித்தியாசம்.

நேரத்தைத் தின்பது சென்னையில் இறங்கும் திசை. மேல்காற்றுக் காலத்தில் கடல் பக்கமிருந்து, அடையாறு மேலாக வந்து இறங்கவேண்டும். தெற்கேயிருந்து வரும் விமானம் அதற்காகக் கடலுக்குள் போய்த் திரும்பி வரும். கூடவே வரிசை. நெரிசல் நேரத்தில் விமானங்கள் வட்டமடித்துக் காத்திருக்கவும் வேண்டியிருக்கும்.

எந்தப் பக்கம் ஜன்னல் நல்லது?

போகும்போது இடது பக்கம், அதாவது ‘ஏ’ சீட். புதுச்சேரிக் கடற்கரை, கொள்ளிடம், காவிரி, டெல்டாவின் பச்சை எல்லாம் அந்தப் பக்கம்தான். ஏடிஆரில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் எந்த சீட்டிலும் இறக்கை தரையை மறைக்காது. மேல்காற்றுக் காலத்தில் தூத்துக்குடியில் கிழக்கேயிருந்து இறங்குவார்கள். அப்போது உப்பளம் பாத்தி பாத்தியாகத் தெரியும். சில பாத்தி வெள்ளை, சில பாத்தி செம்மண் தண்ணீர் நிறம், ஓரத்தில் குவித்துவைத்த உப்பு அம்பாரம். நம்ம வீட்டு உப்பு ஜாடியை மேலேயிருந்து பார்ப்பதுபோல் இருக்கும்.

இங்கேயிருந்து ஏர்போர்ட்டுக்கு எப்படிப் போவது? எவ்வளவு முன்னால் கிளம்புவது?

இதுதான் முதல் கேள்வியாக வரவேண்டும். யாரும் கேட்பதில்லை, பிறகு கத்திப்பாராவில் நின்றுகொண்டு எனக்கு போன் போடுகிறார்கள்.

வடசென்னைக்கும் விமான நிலையத்துக்கும் நடுவில் முழு ஊரும் கிடக்கிறது. திருவொற்றியூரிலிருந்து ரோட்டில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஞாயிறு விடியலில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அதே தூரம் வாரநாள் காலை ஒன்பது மணிக்கு எவ்வளவு ஆகும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைகட்டி நின்றுவிட்டால் கார் டிரைவர் என்ன செய்வார் பாவம்.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது மெட்ரோ. நீல வழித்தடம் விம்கோ நகரில் கிளம்பி, திருவொற்றியூர், தேரடி, காலடிப்பேட்டை, சுங்கச்சாவடி, புது வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, தியாகராயா கல்லூரி, வண்ணாரப்பேட்டை என்று வந்து, எங்கேயும் மாறாமல் நேராக விமான நிலையத்துக்கே போகிறது. 2021 பிப்ரவரிக்கு முன்னால் வண்ணாரப்பேட்டையோடு நின்ற ரயில் இது. உச்சக் கட்டணம் 50 ரூபாய், நேரம் ஏறக்குறைய ஒரு மணி. கார்க்காரர் கேட்கும் தொகையில் குடும்பமே போய்த் திரும்பலாம்.

எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி ஆட்கள் மின்சார ரயிலில் மூர்மார்க்கெட் வந்து சென்ட்ரலில் மெட்ரோ பிடிக்கலாம். ராயபுரத்துக்காரர்கள் சிலர் பீச் ஸ்டேஷன் போய்த் தாம்பரம் ரயிலில் திரிசூலத்தில் இறங்குகிறார்கள். சில்லறைக் காசுதான், ஸ்டேஷன் விமான நிலையத்துக்கு எதிரேயே இருக்கிறது. ஆனால் பெட்டியோடு படியேறி இறங்கவேண்டும், கூட்டத்திலும் இடிபடவேண்டும். மாதவரம், புழல் பக்கம் இருப்பவர்கள் பைபாஸ் பிடித்துப் பெருங்களத்தூர் போய், அங்கிருந்து ஜிஎஸ்டி சாலையில் திரும்பி வரலாம். சுற்றுதான், ஆனால் சிக்னல் இல்லை.

மெட்ரோவில் ஒரே சிக்கல் விடிகாலை. முதல் ரயில் 5 மணிக்குத்தான். ஆறு மணி, ஆறரை மணி விமானத்துக்கு அது உதவாது, கார்தான்.

கணக்கு இப்படி வையுங்கள். செக்கின் கவுன்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். அதற்கு ஒரு மணி முன்னால் வாசலில் இருக்கவேண்டும், மெட்ரோவுக்கு ஒரு மணி, வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு அரை மணி. ஆக, விமானம் கிளம்ப மூன்றரை மணியும், நிம்மதிக்கு நாலு மணியும் முன்னால் செருப்பை மாட்டுங்கள். உள்நாட்டு டெர்மினல் இரண்டு உண்டு, டி1, டி4. எது என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. மச்சினன் கல்யாணத்துக்குக் கிளம்பிய அன்று, ஊருக்கெல்லாம் சொல்லும் நானே, பிள்ளைகளும் சீர்வரிசைப் பெட்டியும் இருக்கிறதே என்று கார் வைத்தேன். பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்கே முக்கால் மணி நேரம். போய்ச் சேர்ந்தபோது கவுன்டர் மூடி நான்கு நிமிஷம். அந்தப் பெண் கடிகாரத்தைக் காட்டினாள், நான் என் மனைவி முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். ராத்திரி பஸ்ஸில்தான் போனோம். தாலி கட்டி முடிந்து பந்தி இரண்டாம் சுற்றில் போய் உட்கார்ந்தோம்.

அப்ப வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு எவ்வளவு?

திருவொற்றியூர் தேரடியிலிருந்து தூத்துக்குடி டவுன் வரை ஐந்தரை மணியிலிருந்து ஆறு மணி நேரம். வாகைக்குளத்தில் இறங்கிப் பெட்டி எடுக்க இருபது நிமிஷம், ஊருக்குள் போக அரை மணி, திருநெல்வேலிக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. திருச்செந்தூருக்கும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முத்துநகர் எக்ஸ்பிரஸ் சுமார் 11 மணி நேரம். ஆனால் அதில் தூங்கிக்கொண்டே போகிறோம், பகல் வீணாவதில்லை. தட்கலிலாவது பெர்த் கிடைத்தால் ரயிலில் போங்கள் என்றுதான் நானே சொல்வேன், எனக்குக் கமிஷன் குறைந்தாலும் சரி. விமானம் அவசரத்துக்கு. ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு ஷட்டரைத் தட்டினார் காலடிப்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருப்பவர். அம்மா தவறிவிட்டார், மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறார்கள். முத்துநகர் போய்விட்டது. பஸ்ஸில் போனாலும் போய்ச் சேரலாம், அதுவரை மனசு தாங்குமா? காலை விமானத்தில் இரண்டு சீட் இருந்தது. மத்தியானத்துக்குள் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு விலை கூடத்தான், அவர் விலையைக் கேட்கவே இல்லை.

மதுரைக்குப் பறந்து அங்கிருந்து போகலாமா?

போகலாம். சென்னை–மதுரை நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். விமானங்களும் கூடுதல், விலையும் பல நாள் குறைவு. ஆனால் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு நாலுவழிச்சாலையில் இன்னும் இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகும். கோவில்பட்டி, விளாத்திகுளம் ஆட்களுக்கு மட்டும் யோசிக்கலாம். நாகர்கோவில் என்றால் திருவனந்தபுரம் பாருங்கள்.

ஆப்பில் ‘டி.சி.ஆர்.’ என்று வருகிறது. அது திருச்சூர் இல்லையா?

நல்ல கேள்வி, இதில் விழுந்தவர்கள் உண்டு. விமானத்தில் டி.சி.ஆர். என்றால் தூத்துக்குடி. ரயிலில் அதே மூன்றெழுத்து திருச்சூர்! ரயிலில் தூத்துக்குடிக்கு டி.என்., திருச்சி விமானத்துக்கு டி.ஆர்.இசட்., திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி., திருப்பதிக்கு டி.ஐ.ஆர். எல்லாம் ‘டி’யில் தொடங்கி ஆளைக் குழப்பும். சென்னைக்கு மட்டும் இன்னும் பழைய மெட்ராஸ் ஞாபகமாக எம்.ஏ.ஏ. பணம் கட்டுவதற்குமுன் ஊர்ப்பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

எந்த நாளில் போடக்கூடாது?

போகி விடியற்காலை. நம் தெருவில் நாம் கொளுத்தும் டயரும் பாயும்தான் காரணம். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து ஓடுதளமே தெரியாமல், சென்னைக்கு வந்த விமானங்களை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். மார்கழி முழுக்கவே காலை முதல் விமானம் கொஞ்சம் சந்தேகம்தான், பத்து மணிக்கு மேல் போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் என்று செய்தி வந்தால் டிக்கெட் கையில் இருந்தாலும் போனைப் பார்த்துக்கொண்டே இருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு ஓடுதளத்துக்குள் புகுந்து விமான நிலையத்தையே சில நாள் மூடினார்கள். இரண்டாவது ஓடுதளம் அந்த ஆற்றின் குறுக்கே பாலம் போட்டுத்தான் நிற்கிறது.

திருவிழாவில் வானிலை பிரச்சினை இல்லை, விலைதான் பிரச்சினை. ஆகஸ்ட் 5 மாதா திருவிழா, குலசை தசரா, திருச்செந்தூர் கந்தசஷ்டி, இந்த மூன்றுக்கும் இரண்டு மாதம் முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

கருவாடு கொண்டுபோகலாமா? மக்ரூன் வாங்கி வரலாமா?

வாரத்தில் இரண்டு பேராவது கேட்கிறார்கள். காசிமேட்டில் இருந்துகொண்டு தூத்துக்குடிக்கே கருவாடு கொண்டுபோவானேன் என்று நான் கேட்டால், “எங்க மாமியாருக்கு இங்கத்து நெத்திலிதான் பிடிக்கும்ணே” என்று பதில் வரும். வாசம் வெளியே வராமல் இரண்டு மூன்று கவரில் இறுக்கிக் கட்டி, டப்பாவில் அடைத்து, செக்கின் கவுன்டரில் போடும் பெட்டியில் வையுங்கள். வாசம் அடித்தால் ஏற்றமாட்டேன் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. கையில் தூக்கிப்போய்ப் பக்கத்து சீட்டுக்காரரோடு சண்டை போடாதீர்கள்.

கொப்பரைத் தேங்காய் போடும் பெட்டியில் கூடாது. எண்ணெய்ப் பசையால் சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் என்று பட்டியலில் வைத்திருக்கிறார்கள். பவர் பேங்க் அதற்கு நேர்மாறு, கைப்பையில் மட்டும்தான். மக்ரூன் தாராளமாகக் கையிலேயே கொண்டுவாருங்கள், பெட்டியில் போட்டால் பொடிதான் வந்து சேரும். வழக்கமாகக் கையில் 7 கிலோ, போடும் பெட்டி 15 கிலோ.

பரந்தூரில் புது ஏர்போர்ட் வந்தால் நமக்குச் சுலபமா?

காஞ்சிபுரம் பக்கம் அது. ஏகனாபுரத்து ஜனங்கள் நிலம் தரமாட்டோம் என்று வருஷக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள், அது தனிக்கதை. வந்தாலும் திருவொற்றியூரிலிருந்து மீனம்பாக்கத்தைப்போல் இரண்டு மடங்குக்குமேல் தூரம். தூத்துக்குடிக்கு வானத்தில் ஆகும் நேரத்தைவிட அங்கே போய்ச் சேரும் நேரம் கூடிவிடும்.

திரும்பி வரும்போது ராத்திரி ஆகிவிட்டால்?

கடைசி மெட்ரோ 11 மணிவாக்கில். பத்து மணிக்கு மேல் இறங்கும் விமானம் என்றால், பெட்டிக்காக நிற்கும்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் நாலு பேர் சேர்ந்து ஒரு கார் வையுங்கள். அந்த நேரத்து விமானத்தில் ராயபுரத்துக்கோ தண்டையார்பேட்டைக்கோ போகும் ஆள் இன்னொருத்தர் நிச்சயம் இருப்பார். கையில் மக்ரூன் டப்பாவோடு யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.